நிலக்கரி போனது, எண்ணெய் போகிறது. ஆள் எங்கே போவார்?

ஜப்பானில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. 2014 மார்ச்சில் யமாகுச்சி மாகாணத்தின் டோகுயாமா ஆலை நின்றது. 2024 மார்ச்சில் அதே மாகாணத்தில் இன்னோர் ஆலை நின்றது. இரண்டும் இடெமிட்சு கோசான் குழுமத்தைச் சேர்ந்தவை. ஜப்பானின் மக்கள்தொகை சுருங்குகிறது. கார்கள் குறைந்த பெட்ரோலில் அதிக தூரம் ஓடுகின்றன. பூமி சூடாவதைத் தடுக்க எரிபொருளையே மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த மாற்றம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கடற்கரையில் பிறந்து கடலிலேயே பிழைத்தவன் நான். கடல் சூடானால் முதலில் அடிபடுவது எங்கள் ஊர்தான். என் கேள்வி வேறு. ஓர் எரிபொருள் போய் இன்னொன்று வரும்போது, போகிற எரிபொருளை நம்பி வாழ்ந்த தொழிலாளிக்கு யார் பொறுப்பு?

நான் தூத்துக்குடிக்காரன். எண்ணெய்க் கப்பல்களில் பம்ப்மேனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பம்ப் ரூம் என்பது கப்பலின் அடிவயிற்றில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் அறை. வளைகுடாவில் ஏற்றிய கச்சா எண்ணெயைக் கரையிலுள்ள தொட்டிகளுக்குத் தள்ளும் பம்புகள் அங்கேதான் இருக்கும். அவற்றைக் காப்பதே என் பிழைப்பு. சிபா, கவாசாகி, டோகுயாமா எல்லாம் ஜெட்டிகளாகவும் குழாய் இணைப்புகளாகவும் இரவு முழுக்க எரியும் விளக்குகளாகவும்தான் எனக்குப் பழக்கம். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினால் சம்பளம் நின்றுவிடும். அடுத்த கப்பல் கிடைக்கும்வரை சேமிப்பில்தான் குடும்பம் ஓடும். அதனால் எந்த நிறுவனத்தின் வரலாற்றைப் படித்தாலும், அது தன் ஆட்களை எப்படி வைத்திருந்தது என்ற பக்கத்தைத்தான் முதலில் தேடுவேன். இடெமிட்சுவின் வரலாற்றில் அந்தப் பக்கம் மிகப் பெரியது. அதில் மெச்சவும் இருக்கிறது, மறுக்கவும் இருக்கிறது.

நிலக்கரித் துறைமுகத்தில் எண்ணெய்க் கடை

நிறுவனர் இடெமிட்சு சாசோ 1885-ல் ஃபுகுவோகா மாகாணத்தின் முனகாதா பகுதியில், சாய வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தார். கோபே நகரின் வணிக உயர்கல்விப் பள்ளியில் படித்தார். உடன் படித்தவர்கள் பெரிய வங்கிகளையும் வணிக நிறுவனங்களையும் தேடிப் போனபோது, கோதுமை மாவும் இயந்திர எண்ணெயும் விற்ற ஒரு சிறு கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். 1911 ஜூனில் மோஜி துறைமுகத்தில் சொந்தக் கடை போட்டார். முதல் கொடுத்தவர் அவாஜி தீவைச் சேர்ந்த ஹிதா ஜூதாரோ. கியோத்தோவில் இருந்த தன் வீட்டை விற்றுப் பணம் கொடுத்த அவர், வட்டி கேட்கவில்லை, திருப்பித் தரவும் சொல்லவில்லை.

மோஜி அன்று நிலக்கரித் துறைமுகம். பின்னால் இருந்த சிகுஹோ சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி அங்கேதான் கப்பல் ஏறியது. அப்படிப்பட்ட ஊரில் எண்ணெய் விற்கக் கடை போட்டார் சாசோ. நிப்பான் எண்ணெய் நிறுவனத்தின் மசகு எண்ணெயை எடுத்து விற்றார். ஆலை முதலாளிகள் எளிதில் வாங்கவில்லை. அந்த நேரத்தில்தான் மீன்பிடிப் படகுகளில் எஞ்சின் பொருத்தும் வழக்கம் பரவியது. படகுக்காரர்கள் விலை கூடிய மண்ணெண்ணெயைப் போட்டு ஓட்டினார்கள். அதைவிட மலிவான, முழுதாகச் சுத்திகரிக்காத டீசல் வகை எண்ணெயே அந்த எஞ்சினுக்குப் போதும் என்று சாசோ காட்டினார்.

மோஜிக்கும் எதிர்க்கரையான ஷிமோனோசெகிக்கும் நடுவில் கன்மோன் நீரிணை. நீரோட்டம் சில வேளைகளில் 10 நாட் வேகத்தைத் தொடும். அனுபவமுள்ள மாலுமியும் அங்கே கவனமாகத்தான் கப்பலை நடத்துவார். அந்தத் தண்ணீரில், அளவுமானி பொருத்திய படகோடு சென்று, மீன்பிடிப் படகுகளுக்குக் கடலிலேயே எண்ணெய் ஊற்றினார்கள் இடெமிட்சுவின் ஆட்கள். எதிர்க்கரையின் எண்ணெய் விற்பனை முகவர்கள், தங்கள் எல்லைக்குள் வந்து விற்கிறார் என்று முறையிட்டார்கள். கடலில் எல்லைக்கோடு ஏது என்பது சாசோவின் பதில். கடற்கொள்ளையன் என்ற பட்டம் அப்படித்தான் வந்தது. அவர் வாழ்க்கையை வைத்து 2012-ல் வெளிவந்த நாவலின் தலைப்பிலும் அந்தப் பட்டம் உண்டு. அது பின்னர் திரைப்படமும் ஆனது.

நாவல்கள் கொண்டாடும் வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1910-களில் சாசோ தென் மஞ்சூரிய ரயில்வேக்கு எண்ணெய் விற்கத் தொடங்கினார். அந்தக் கடுங்குளிரில் மற்ற நிறுவனங்களின் எண்ணெய் உறைந்து, அச்சாணிகள் சூடேறி எரிந்தன; உறையாத எண்ணெயைத் தயாரித்துக் கொடுத்து அந்த வியாபாரத்தைப் பிடித்தார். அது திறமைக்குக் கிடைத்த வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ரயில் ஒரு பேரரசின் ரயில். ஜப்பானியப் படை போன இடமெல்லாம் கடையும் போனது: கொரியா, தைவான், சீனா, பின்னர் தென்கிழக்கு ஆசியா. 1940-ல் இடெமிட்சு கோசான் என்ற பெயரில் நிறுவனம் பதிவானபோது அதன் வியாபாரத்தின் பெரும்பகுதி கடல்கடந்துதான் நடந்தது. பிறர் மண்ணைப் பிடித்த அரசின் நிழலில் வளர்ந்த வியாபாரம் அது. இதை மறைத்துவிட்டு அந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

தொட்டியின் அடியில்

1945 ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் சரணடைந்தது. கடல்கடந்த கடைகள் எல்லாம் ஒரே நாளில் போயின. மிஞ்சியது கடனும், ஏறத்தாழ ஆயிரம் ஊழியர்களும். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாடுகளிலிருந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டியவர்கள். சாசோ அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 17-ல் டோக்கியோவில் இருந்த ஊழியர்களைக் கூட்டிப் பேசினார்: புலம்பலை விடுங்கள், கட்டி எழுப்பும் வேலையை இன்றே தொடங்குங்கள். பின்னர் ஒருவரையும் வேலையைவிட்டு அனுப்ப மாட்டேன் என்று உறுதி சொன்னார்.

விற்க எண்ணெய் இல்லாத எண்ணெய் நிறுவனம் ஆயிரம் பேருக்கு எப்படிச் சோறு போடும்? வானொலிப் பெட்டி பழுதுபார்த்தார்கள். நிலத்தை உழுதார்கள். மீன் பிடித்தார்கள். பிறகு வந்தது தொட்டி வேலை.

போர்க்காலக் கடற்படையின் எண்ணெய்க் கிடங்குகள் நாட்டில் பல இடங்களில் இருந்தன. டோகுயாமா கிடங்கு அவற்றில் பெயர்பெற்றது. 1945 ஏப்ரலில் யமாட்டோ போர்க்கப்பல் தன் கடைசிப் பயணத்துக்கு எண்ணெய் நிரப்பிக்கொண்டது அந்தத் துறைமுகத்தில்தான். பம்பால் எடுக்க முடியாத எண்ணெய், சேறும் தண்ணீரும் கலந்து அந்தத் தொட்டிகளின் அடியில் கிடந்தது. முதலில் அதை எடுத்துப் பயன்படுத்துங்கள், இறக்குமதியை அப்புறம் பார்க்கலாம் என்றது அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம். மற்றவர்கள் ஒதுங்கிய அந்த வேலையை 1946-ல் இடெமிட்சு ஏற்றது. படித்த ஊழியர்களும் முன்னாள் படைவீரர்களும் கோவணத்தோடு தொட்டிக்குள் இறங்கினார்கள். உள்ளே வாயு முட்டி மயங்கி விழும் அபாயம் தெரிந்தே இறங்கினார்கள். வாளியால் அள்ளினார்கள்.

இதைப் படித்தபோது என் உடம்பு அதை உணர்ந்தது. கப்பல் பழுதுபார்க்கப் போகும் முன் நாங்களும் தொட்டிக்குள் இறங்குவோம். நாள்கணக்கில் காற்று அடித்து, வாயுமானியால் சோதித்து, உள்ளே பிராணவாயு 21 சதவீதம் இருக்கிறது என்று சீஃப் ஆபீசர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இறங்க விடுவார்கள். வாய்ப்பக்கத்தில் கயிறும் தூக்குக்கட்டிலும் தயாராக இருக்கும். அப்படி இருந்தும் கொஞ்ச நேரத்தில் தலை கனக்கும். கசடு கணுக்காலைப் பிடித்து இழுக்கும். எங்கள் போசன் புன்னைக்காயல்காரர். ‘தம்பி, மேல ஏறு, காத்து வாங்கிட்டு வா’ என்று ஒவ்வொருவராக மாற்றிவிடுவார். எங்களுக்கு அது அன்றைக்கு முடியும் வேலை. 1946-ல் இறங்கியவர்களுக்கு வேறு வேலையே இல்லை.

அந்த எண்ணெயால் நிறுவனத்துக்குப் பெரிய லாபம் வந்துவிடவில்லை. ஆனால் ஆட்கள் கலையாமல் இருந்தார்கள். 1949-ல் எண்ணெய் வழங்கும் உரிமை நிறுவனத்துக்குக் கிடைத்தபோது, வேலை தெரிந்த ஆயிரம் பேரைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. எஞ்சினுக்கு எண்ணெய் எப்படியோ, ஆலைக்கு அனுபவம் அப்படி. அதைக் கொட்டிவிட்டுப் பிறகு கடையில் வாங்கிக்கொள்ள முடியாது.

அபாதானுக்குப் போன கப்பல்

இடெமிட்சு என்றால் ஜப்பானில் எல்லோரும் சொல்லும் கதை நிஷோ மாரு. 1951-ல் மொசாதெக் ஆட்சியில் ஈரான் தன் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கியது. அதுவரை அதை எடுத்து விற்ற ஆங்கிலோ-ஈரானியன் நிறுவனமும் பிரிட்டிஷ் அரசும், ஈரானிய எண்ணெயை ஏற்றும் கப்பல் எதுவானாலும் வழக்குத் தொடுப்போம் என்று மிரட்டின. 1952-ல் ரோஸ் மேரி என்ற கப்பல் ஏடனில் சிக்கிக்கொண்டது. உலகச் சந்தையில் ஈரான் தனித்து நின்றது.

1953 மார்ச் 23-ல் ஏறத்தாழ 19,000 டன் கொள்ளளவுள்ள நிஷோ மாரு கோபேயிலிருந்து புறப்பட்டது. எங்கே போகிறோம் என்பது கேப்டன் நிட்டா தத்சுவோவுக்கும் மிகச் சிலருக்கும் மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு நடுக்கடலில்தான் சொல்லப்பட்டது. ஏப்ரல் 10-ல் ஷாத் அல் அரபு ஆற்றின் வழியே அபாதான் சேர்ந்தது. ஆழம் குறைந்த, மணல்திட்டு மாறிக்கொண்டே இருக்கும் ஆறு அது. வெறுங்கப்பல் உள்ளே போய்விடும், சரக்கு ஏற்றிய கப்பல் வெளியே வருவதுதான் சோதனை. பெட்ரோலும் டீசலும் 20,000 கிலோலிட்டருக்கு மேல் ஏற்றிக்கொண்டு 15-ஆம் தேதி வெளியே வந்தது. பிரிட்டிஷ் கடற்படையின் கண்ணில் படாதிருக்க, வழக்கமான மலாக்கா நீரிணையை விட்டுச் சுந்தா நீரிணை வழியே சுற்றி, மே 9-ல் கவாசாகி வந்து சேர்ந்தது. சரக்கைத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆங்கிலோ-ஈரானியன் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாதமே நீதிமன்றம் மறுத்தது. மேல்முறையீடும் நிற்கவில்லை.

போரில் தோற்ற நாடு ஒன்று, தனித்து விடப்பட்ட நாடு ஒன்றோடு நேராகப் பேசி எண்ணெய் வாங்கியது. அந்த ஆகஸ்டில் மொசாதெக் ஆட்சி கவிழ்க்கப்பட்டதால் அந்த வாசல் விரைவில் மூடியது. ஆனாலும் வாங்குபவனும் விற்பவனும் இடைத்தரகனின் அனுமதி இல்லாமல் பேசலாம் என்பதை உலகம் பார்த்துவிட்டது. நிஷோ மாருவுக்கு எண்ணெய் கொடுத்த அதே ஈரான் தேசிய எண்ணெய்க் கழகம்தான், 1965-ல் சென்னை மணலி ஆலைக்காக மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம் தொடங்கப்பட்டபோது இந்திய அரசோடும் அமெரிக்காவின் அமோகோவோடும் பங்குதாரராகச் சேர்ந்தது.

இந்தக் கதையில் சாசோவின் பெயர் வருகிறது, கேப்டனின் பெயர் வருகிறது. எஞ்சின் அறையிலும் பம்ப் ரூமிலும் இருந்தவர்கள், தாங்கள் எங்கே போகிறோம் என்று தெரியாமலே கரையைவிட்டுப் புறப்பட்டவர்கள். பிடிபட்டிருந்தால் கப்பலோடு அவர்களும் சிக்கியிருப்பார்கள். முடிவு முதலாளியுடையது, ஆபத்து எல்லோருடையதும். எண்ணெய்த் தொழிலில் இது அன்றும் இன்றும் மாறாத நடைமுறை. ஆபத்தில் பங்கு இருந்தால் பாதுகாப்பிலும் பங்கு வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான்.

எண்ணெய் வந்தபோது சுரங்கம் என்ன ஆனது?

1957-ல் டோகுயாமாவில், பழைய கடற்படைக் கிடங்கு இருந்த இடத்தில், இடெமிட்சு தன் முதல் சுத்திகரிப்பு ஆலையைப் பத்தே மாதத்தில் கட்டி முடித்தது. 1962-ல் அதே நிஷோ மாரு என்ற பெயரில் 130,000 டன் கப்பல் வந்தது. அன்று உலகிலேயே பெரிய எண்ணெய்க் கப்பல் அதுதான். 1963-ல் சிபா ஆலை. 1966-ல் 200,000 டன்னைத் தாண்டிய முதல் கப்பலான இடெமிட்சு மாரு. பதின்மூன்று ஆண்டுகளில் 19,000 டன்னிலிருந்து 209,000 டன்!

அதே 1962-ல்தான் ஜப்பானின் எரிசக்தியில் எண்ணெய் நிலக்கரியை முந்தியது. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கத்தானே வேண்டும். சாசோ பிறந்த அதே ஃபுகுவோகா மாகாணத்தில், ஓமுதா நகரில், மீகே சுரங்கம் இருந்தது. மலிவான எண்ணெயோடு போட்டிபோட முடியவில்லை என்று 1959 டிசம்பரில் அதன் நிர்வாகம் 1,200-க்கும் மேற்பட்டவர்களை வேலைநீக்கம் செய்தது. சங்கத்தில் முன்னின்றவர்களைக் குறிவைத்துத்தான் பட்டியல் போட்டார்கள் என்று தொழிலாளர்கள் கொதித்தார்கள். 1960 ஜனவரியில் கதவடைப்பு, அதற்கு எதிராக வேலைநிறுத்தம். ஏறத்தாழ பத்து மாதம் நடந்தது. ஒரு தொழிலாளி கத்திக்குத்தில் இறந்தார். இறுதியில் தொழிலாளர்கள் தோற்றார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1963 நவம்பர் 9-ல், அதே சுரங்கத்தில் நிலக்கரித்தூள் வெடித்து 458 பேர் மாண்டார்கள்; நூற்றுக்கணக்கானோர் கார்பன் மோனாக்சைடு நச்சால் ஆயுள் முழுக்கத் துன்பப்பட்டார்கள்.

எண்ணெய்க் கப்பல் பெரிதாகப் பெரிதாக, சுரங்கத்தில் ஆள் குறைந்தார்கள். இரண்டையும் தனித்தனி வரலாறாக எழுதுவது தவறு.

ஆனால் சுரங்கத் தொழிலாளர் போராட்டங்களின் அழுத்தத்தில் ஜப்பான் ஒரு நல்ல காரியம் செய்தது. அதை இன்று எல்லா நாடுகளும் எடுத்துப் படிக்க வேண்டும். 1959 டிசம்பரில், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. மறுபயிற்சி, வேறு ஊரில் வேலைதேட உதவி, குடிபெயரச் செலவு எல்லாம் அதில் இருந்தன. 1963-ல் அதைத் திருத்தி, வேலையிழந்தவருக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். கறுப்புக் கையேடு என்று மக்கள் அழைத்த அதை வைத்திருந்தவருக்கு, புது வேலை கிடைக்கும்வரை மூன்று ஆண்டுகள் வரை உதவித்தொகை உண்டு. 1967-ல் நிலக்கரித் துறைக்கான தனிக் கணக்கு தொடங்கி, அதற்கான பணத்தை இறக்குமதியாகும் கச்சா எண்ணெய் மீதான சுங்கவரியிலிருந்து எடுத்தார்கள்.

வருகிற எரிபொருள், போகிற எரிபொருளின் தொழிலாளிக்குக் கட்டிய கடன் அது. அது போதுமானதாக இல்லை. சுரங்க ஊர்கள் பல வெறிச்சோடித்தான் போயின. ஆனாலும் அந்த நெறி சரியானது.

அன்பு போதாது

இப்போது இடெமிட்சுவுக்குத் திரும்புவோம். சாசோவின் நிறுவனத்தில் வேலைநீக்கம் கிடையாது, ஓய்வு வயது கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. நிறுவனம் ஒரு பெரிய குடும்பம் என்பார் அவர். கேட்க இனிக்கிறது. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: தொழிற்சங்கமும் கிடையாது. தகப்பன் இருக்கும் வீட்டில் பிள்ளைக்குச் சங்கம் எதற்கு என்பது அந்தக் கொள்கையின் அடிப்படை.

சாசோ சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தச் சொல் அவர் ஒருவரின் குணத்தில் நின்ற சொல். குணம் வாரிசுக்குப் போகும் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதிவைக்க முடியாது. அவர் 1981-ல் மறைந்தார். வெளியார் பங்கு வாங்க முடியாத, வங்கிக் கடனில் வளர்ந்த நிறுவனம் அது. மூலதனம் வெறும் 100 கோடி யென், கடனோ 2 லட்சம் கோடி யென்னுக்கும் மேல் என்ற நிலைக்கு வந்தது. 2006 அக்டோபரில் டோக்கியோ பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. குடும்பம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பங்குதாரர் என்ற சொல்லும் வந்து உட்கார்ந்தது.

பிறகு ஷோவா ஷெல் நிறுவனத்தோடு இணையும் பேச்சு எழுந்தது. 2016-ல் நிறுவனர் குடும்பம் அதை எதிர்த்தது. அவர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு என் கவனத்தை இழுத்தன. ஒன்று, இடெமிட்சு ஈரானோடு நெருக்கமானது, ஷோவா ஷெல்லில் சவூதி அராம்கோவுக்குப் பங்கு உண்டு. இன்னொன்று, ஷோவா ஷெல்லில் தொழிற்சங்கம் இருக்கிறது, எங்கள் பண்பாடு வேறு. நீண்ட இழுபறிக்குப் பின் 2019 ஏப்ரலில் இணைப்பு நடந்தது. இரண்டாவது காரணத்தை நான் அடியோடு மறுக்கிறேன். ஆலை மூடும் காலத்தில் தொழிலாளிக்கு வேண்டியது பேரம்பேசும் உரிமை. முதலாளியின் அன்பு அதற்கு மேல் கிடைத்தால் மகிழ்ச்சி. அதற்குப் பதிலாகக் கிடைத்தால் போதாது.

அன்பைச் சட்டமாக மாற்ற முடியுமா என்று கேட்பார்கள். முடியும், எங்கள் தொழிலிலேயே நடந்திருக்கிறது. கப்பல் முதலாளி நொடித்துப்போனால் மாலுமிகளை ஏதோ ஒரு துறைமுகத்தில் அநாதையாக விட்டுவிடுவது ஒரு காலத்தில் சாதாரணம். சம்பளம் இருக்காது, சோறு இருக்காது, ஊர் திரும்ப டிக்கெட் இருக்காது. நல்ல முதலாளி கிடைத்தால் பிழைத்தோம். 2006-ல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை உருவானது. 2013-ல் நடைமுறைக்கு வந்தது. 2015-ல் இந்தியா ஏற்றது. 2017 முதல், கைவிடப்பட்ட மாலுமியின் பயணச் செலவுக்கும் நான்கு மாதச் சம்பளப் பாக்கிக்கும் முன்கூட்டியே காப்பீடு காட்டாத கப்பல், துறைமுகத்தில் சிக்கலில் மாட்டும். கைவிடப்படுவது இன்னும் நிற்கவில்லை. ஆனால் இப்போது மாலுமி கெஞ்ச வேண்டியதில்லை, கேட்கலாம்.

இனி செய்ய வேண்டியது

இடெமிட்சு புதிய தொழிலுக்குத் தயாராகிறது. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிரிந்துவரும் கந்தகத்திலிருந்து லித்தியம் சல்ஃபைடு செய்து, திண்மநிலை மின்கலத்துக்கான மூலப்பொருளாக மாற்றும் தொழில்நுட்பம் அதனிடம் இருக்கிறது. 2023 அக்டோபரில் டொயோட்டாவோடு கைகோத்தது. 2027-28-ல் அந்த மின்கலம் காரில் ஏற வேண்டும் என்பது திட்டம். டோகுயாமாவில் அம்மோனியாவை எரிபொருளாக இறக்கிக் கொடுக்கும் திட்டமும் பேசப்படுகிறது. நாற்றமெடுத்த கழிவாக நாங்கள் அஞ்சிய கந்தகத்துக்கே புதுவாழ்வு உண்டென்றால், அதைப் பிரித்தெடுத்த கைகளுக்கு இல்லாமல் போகலாமா?

நிரந்தர ஊழியருக்கு இன்னோர் ஆலையில் இடம் கிடைக்கலாம். ஓர் எண்ணெய் ஆலையை நம்பி இருப்பவர்கள் அவர்கள் மட்டுமல்ல. ஆண்டுப் பராமரிப்புக்கு வரும் வெல்டர், சாரம் கட்டுபவர், தொட்டி கழுவுபவர், ஜெட்டியில் கப்பலின் கயிற்றை வாங்கிக் கட்டும் படகுக்காரர், வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் எல்லோரும் உண்டு. இவர்கள் பெயர் எந்த நிறுவனத்தின் ஊழியர் பட்டியலிலும் இராது. குடும்பம் என்று சாசோ சொன்னபோதும் இவர்கள் அந்தக் குடும்பத்துக்கு வெளியேதான் இருந்தார்கள்.

ஆகவே மூன்று விஷயங்களைக் கேட்கிறேன். ஜப்பானுக்காகவும் கேட்கிறேன், நமக்காகவும் கேட்கிறேன். முதலாவது, ஆலை மூடும் தேதியை அறிவிக்கும் முன்பே பயிற்சி தொடங்க வேண்டும். பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் வேண்டும். குழாயும் வாயுவும் அழுத்தமும் தெரிந்த ஆளுக்கு அம்மோனியாவும் ஹைட்ரஜனும் கற்றுக்கொடுப்பது எளிது. ஒன்றுமே தெரியாதவரைப் புதிதாக எடுத்துப் பழக்குவதுதான் ஆபத்து. இரண்டாவது, உதவி பெறும் பட்டியலை ஆலையின் வாயில் பதிவேட்டிலிருந்து தயாரிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அந்த வாயிலில் நுழைவுச்சீட்டு வாங்கியவர் எல்லோரும் அந்த ஆலையின் தொழிலாளிதான், ஒப்பந்தக்காரர் பெயர் எதுவாக இருந்தாலும். மூன்றாவது, பணம். ஜப்பான் 1967-ல் காட்டிய வழி இருக்கிறது: வருகிற எரிபொருளின் வரவிலிருந்து ஒரு பங்கு, சட்டப்படி, வேறு எதற்கும் தொட முடியாத தனிக் கணக்கில்.

இந்த மூன்றாவதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தியாவில் 2010-ல் நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி வரி போட்டார்கள். 2016-ல் அது 400 ரூபாய் ஆனது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த வரவு மாநிலங்களின் இழப்பீட்டுக்குத் திரும்பியது. மாநிலங்களுக்கு இழப்பீடு தேவைதான். ஆனால் எரிசக்தி மாற்றத்துக்கென்று வாங்கிய பணத்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் இருப்பவர்களின் நாளைக்கென்று தனிப் பங்கு எழுதப்படவில்லை. எழுதாத பங்கு கரைந்துபோகும்.

சூரிய மின்சாரமும் காற்றாலையும் பெருகுகின்றன. எங்கள் தெற்குச் சீமையில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெருகட்டும். அந்த முதலீடுகளுக்குச் சலுகை கொடுக்கும் ஒவ்வொரு அரசாணையிலும், மணலியிலோ நெய்வேலியிலோ இருபது ஆண்டு உழைத்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் அதைக் கேட்க வேண்டும்; சட்டமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்க வேண்டும். ஆலை மூடிய பிறகு கேட்டால் அது நிவாரணம். மூடும் முன்பு கேட்டு எழுதி வாங்கினால் அது உரிமை. அந்த உரிமையை எழுதி வாங்க வேண்டிய காலம் இதுதான்.